முதல் தடவை கூடவே போங்கள்

பிளஸ் டூ முடித்த பிள்ளையைப் பார்த்ததும் “அடுத்து என்ன பண்ணப் போறே?” என்று கேட்டுவிடாதீர்கள். கல்யாண வீடு, டீக்கடை, பஸ் ஸ்டாப் என்று போகிற இடமெல்லாம் அந்தக் கேள்வி அவனைத் துரத்துகிறது. “பாக்கணும்ண்ணே” என்று ஒரு பதிலைக் கைவசம் வைத்திருப்பான். அதைச் சொன்னதும் பேச்சு நின்றுவிடும். நீங்களும் உங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவீர்கள்.

விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் ஊர்ப்புற நூலகத்தின் வராந்தாவில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் உட்கார்ந்து பிள்ளைகளோடு பேசிவருகிறேன். அங்கே நான் முதலில் கேட்பது இதுதான்: “நேத்து எழுந்ததுலேருந்து படுக்கிற வரைக்கும் என்னென்ன செஞ்சே? ஒண்ணு விடாம சொல்லு.”

பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் வந்தான். பிளஸ் டூவில் கணக்குப் பாடத்தில் தவறியவன். “எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே” என்றுதான் தொடங்கினான். நேற்றைய கதையைக் கேட்டேன். “மாமாகூட கொத்து வேலைக்குப் போனேன். பேஸ்மட்டம் போடுற வீடு. மட்டக்குழாய் புடிச்சேன். அப்புறம் மூலமட்டம் பார்த்துக் கயிறு கட்டினேன்” என்றான். மூலை சரியாக இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பாய் என்று கேட்டேன். “ஒரு பக்கம் மூணு அடி, இன்னொரு பக்கம் நாலு அடி குறிச்சுக்குவோம். குறுக்கே அஞ்சு அடி வந்தா மூலை சரி. இல்லேன்னா கயித்தை நகத்தணும்.” பள்ளியில் பிதாகரஸ் தேற்றத்தில் மதிப்பெண் வாங்காத பையன், வெயிலில் நின்று அதே தேற்றத்தை வைத்து வீட்டுக்கு அடித்தளம் குறித்துக்கொண்டிருக்கிறான். இது கணக்கு என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை.

அரசு ஐ.டி.ஐ.யில் நில அளவர் பிரிவு என்று ஒன்று உண்டு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி இருந்தால் போதும். 2022ல் டி.என்.பி.எஸ்.சி. நில அளவர், வரைவாளர் பணியிடங்கள் ஆயிரத்துக்கும் மேல் அறிவித்தபோது, அந்தப் பிரிவில் படித்தவர்களும் விண்ணப்பிக்க முடிந்தது. அந்தப் பையனுக்கு இதில் எதுவும் தெரிந்திருக்கவில்லை. அவன் மாமாவுக்கும் தெரியாது. அவர்கள் குடும்பத்தில் அந்தப் பெயரைச் சொல்லக்கூடிய ஆளே இல்லை.

அதனால் ஒரு நோட்டு வாங்கி, பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இடது பாதியில் அவர் சொன்ன வேலைகளை அவர் வாய்மொழியிலேயே எழுதுங்கள். வலது பாதியில் அந்த வேலைக்குத் தொழில் உலகம் வைத்திருக்கும் பெயர் வரட்டும். அம்மாவின் மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிற பெண் என்றால் கணக்குப் பதிவு, டேலி. தெருவில் எல்லாருக்கும் செல்போனிலேயே விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறவன் என்றால் இ-சேவை மையம், டேட்டா என்ட்ரி. சர்க்கரை நோயுள்ள பாட்டிக்குத் தினமும் இன்சுலின் ஊசி போட்டு, எத்தனை யூனிட் என்று குறித்து வைக்கிற பெண்ணை நான் சந்தித்திருக்கிறேன். “வீட்ல சும்மாதான் இருக்கேன்க்கா” என்றுதான் பக்கத்திலிருந்த ஆசிரியையிடம் அவள் சொன்னாள். அவளுடைய பக்கத்தில் நர்சிங் டிப்ளமோ என்று எழுதினோம்.

வலது பாதியை உங்களால் நிரப்ப முடியாத பக்கங்களும் வரும். காலியாகவே விடுங்கள். அந்தத் தொழிலில் இருக்கும் ஒருவரைத் தேடிப் போய்க் கேட்க அதுதான் காரணம்.

சான்றிதழ் பை

சான்றிதழ்களைச் சரிபார்த்துச் சேர்க்கும் வேலைக்கு முழுதாக ஒரு சனிக்கிழமை ஒதுக்குங்கள். கெட்டிக்காரப் பிள்ளைகள் வேலை இழப்பது பெரும்பாலும் இங்கேதான் என்பது என் அனுபவம்.

பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஆதார், பேங்க் பாஸ்புக் மூன்றையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். ஒன்றில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஒன்றில் பின்னால் இருக்கும், மூன்றாவதில் அப்பா பெயரே முழுதாக ஒட்டிக்கொண்டிருக்கும். பிறந்த தேதி மாறியிருப்பதும் உண்டு. பள்ளியில் சேர்த்தபோது அந்தக் கால வழக்கப்படி ஜூன் மாதத் தேதி ஒன்றைப் போட்டிருப்பார்கள். இப்போது இது சின்ன விஷயமாகத் தெரியும். வேலையில் சேர்ந்ததும் பி.எஃப். கணக்கு ஆதாரோடு இணைக்கப்படும்போது பெயரும் தேதியும் ஒத்துப்போகாமல் பணம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். மார்க் ஷீட்டைத் திருத்துவது பெரும்பாடு. பெரும்பாலும் மார்க் ஷீட்டுக்கு ஏற்ப ஆதாரைத் திருத்துவதே சுலபம். ஆதாரைத் திருத்திய பிறகு பாஸ்புக்கைத் திருத்துங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

அடுத்தது சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வீட்டில் யாரும் பட்டம் பெறவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ். மூன்றுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். இவற்றோடு சேர்த்துப் பலரும் மறந்துபோகும் ஒன்று இருக்கிறது. தமிழ்வழியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உண்டு. முதல் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். படித்த ஒவ்வொரு பள்ளியிலும் அதற்கான சான்று வாங்க வேண்டும். தொடக்கப்பள்ளி ஒரு ஊர், உயர்நிலைப்பள்ளி இன்னொரு ஊர், இடையில் தாத்தா வீட்டிலிருந்து இரண்டு ஆண்டு படித்தது மூன்றாவது ஊர் என்றால் மூன்று தலைமையாசிரியர்களைப் பார்த்தாக வேண்டும். தேர்வில் தேறி, சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கூப்பிட்ட பிறகு இதற்காக ஓடிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பதற்றம் உங்கள் பிள்ளைக்கு வேண்டாம். இப்போதே வாங்கி வையுங்கள்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து பிள்ளையின் சொந்த ஈமெயிலிலேயே போட்டு வையுங்கள். பிரௌசிங் சென்டர்காரர் உருவாக்கிக் கொடுத்த, பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாத ஈமெயில் வேண்டாம்.

வாசல் வரைக்கும் அல்ல, உள்ளே வரைக்கும்

இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வந்தது இதுதான். இளைஞர்களுக்கான தகவல் இன்று குறைவில்லை. யூடியூப் முழுக்கக் கொட்டிக்கிடக்கிறது. குடும்பத்தில் முதன்முதலாகப் படித்து வெளியே வரும் பிள்ளைக்கு ஒரு அலுவலகத்தின் வாசலைத் தாண்டுவதுதான் கஷ்டம். கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி “என்னப்பா, யாரைப் பார்க்கணும்?” என்று கேட்பார். யாரை என்று அவனுக்குத் தெரியாது. “சும்மாண்ணே” என்று சொல்லித் திரும்பிவிடுவான். மறுபடி அந்தப் பக்கம் போகமாட்டான். வீட்டில் கேட்டால் “ஆபீஸ் பூட்டியிருந்துச்சு” என்பான். அதைப் பொய் என்று திட்டாதீர்கள். அவனுக்கு அது பூட்டித்தான் இருந்தது.

ஆகவே முதல் தடவை கூடவே போங்கள். பஸ் ஏறி, கேட்டைத் தாண்டி, எந்த மேஜை என்று கண்டுபிடிக்கிற வரை பக்கத்தில் இருங்கள். மேஜைக்கு முன்னால் பேச வேண்டியவர் அந்தப் பிள்ளை. அதிகாரி உங்களைப் பார்த்துக் கேட்டாலும் “சொல்லு தம்பி” என்று அவனிடமே திருப்பிவிடுங்கள். என்ன கேட்க வேண்டும் என்று பஸ்ஸிலேயே இரண்டு முறை பேசிப் பழகிக்கொள்ளுங்கள். அடுத்த தடவை அவன் தனியாகப் போகட்டும்.

எந்த அலுவலகம்? முதலில் உங்கள் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம். இப்போது அதன் முழுப்பெயர் மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம். பெயரின் பின்பாதிக்காகத்தான் உங்களை அங்கே அனுப்புகிறேன். பதிந்துவைத்தால் வீட்டுக்குக் கார்டு வரும், வேலை வரும் என்ற பழைய நம்பிக்கை பெற்றோரிடம் இன்னும் இருக்கிறது. அரசுப் பணிகளில் பெரும்பாலானவை இப்போது தேர்வின் வழியாகவே நிரப்பப்படுகின்றன. பதிவு வேண்டியதுதான், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். ஐந்து ஆண்டு காத்திருந்தும் வேலை கிடைக்காதவர்களுக்கு, குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மேல் போகாவிட்டால், மாத உதவித்தொகை உண்டு: பத்தாம் வகுப்பில் தேறியவருக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600 ரூபாய், மூன்று ஆண்டுகளுக்கு. இது சிறிய தொகைதான். ஆனாலும் தேர்வுக் கட்டணத்துக்கும் பஸ்ஸுக்கும் ஆகும். கேட்டு வாங்குங்கள்.

அந்தக் கட்டடத்தில் இதைவிடப் பெரிதாக இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, தன்னார்வப் பயிலும் வட்டம். டி.என்.பி.எஸ்.சி., காவலர் தேர்வு போன்றவற்றுக்கு அங்கே இலவச வகுப்பு நடக்கிறது. படிக்கப் புத்தகமும் இருக்கிறது. இன்னொன்று, பல மாவட்டங்களில் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை நடக்கும் தனியார்துறை வேலைவாய்ப்பு முகாம். கல்லூரி மைதானத்தில் பந்தல் போட்டு நடக்கும் பெரிய முகாமைவிட இந்தச் சின்ன முகாமையே நான் விரும்புகிறேன். கூட்டம் குறைவு; கம்பெனி ஆளிடம் பத்து நிமிஷம் நிதானமாகப் பேசலாம். முதல் முகாமை ஒத்திகையாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மூன்று மேஜையில் உட்கார்ந்து, என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு வந்தாலே அந்த வெள்ளிக்கிழமை வீணாகவில்லை.

பள்ளி, கல்லூரியில் இருக்கும் பிள்ளைகளுக்கு 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் இருக்கிறது. பிளஸ் டூ முடித்தும் எங்கேயும் சேராமல் நின்றுவிட்டவர்களுக்காக அதன் கீழ் ‘உயர்வுக்குப் படி’ என்ற முகாம்கள் நடக்கின்றன. ஒரே இடத்தில் கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ., வங்கிக் கடன், சான்றிதழ் என எல்லா மேஜையும் இருக்கும். பள்ளிக்கல்வி உதவி எண் 14417. அந்த எண்ணைப் பிள்ளையின் செல்போனில் நீங்களே சேமித்துக் கொடுங்கள்.

ஐ.டி.ஐ.யைத் தாழ்வாகப் பார்க்கும் வீட்டில்

“படிப்பு வராதவன் போற இடம்” என்று ஐ.டி.ஐ.யைப் பற்றி இன்னும் சொல்கிறார்கள். பையனுக்கு ஆசை இருந்தாலும் அப்பாவுக்குக் கௌரவக் குறைச்சல். இந்த வீடுகளில் விவாதம் பண்ணிப் பயனில்லை. அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஒரு அரசு ஐ.டி.ஐ.க்குள் போய் வாருங்கள். தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.க்கள் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து தொழில் 4.0 மையங்களாக மாற்றப்பட்டன. ரோபோ கையும் சி.என்.சி. மெஷினும் இருக்கிற பட்டறையை அவர் கண்ணால் பார்க்கட்டும். பிறகு படிக்கட்டுகளைச் சொல்லுங்கள்: ஐ.டி.ஐ. முடித்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு, டிப்ளமோ முடித்தால் பி.இ.யில் நேராக இரண்டாம் ஆண்டு. இன்ஜினீயரிங் கதவு மூடிவிடவில்லை என்று தெரிந்ததும் அப்பாவின் முகம் மாறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சில பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்பே போதும். ஆண்கள் 40 வயது வரை சேரலாம். பெண்களுக்கு வயது வரம்பே இல்லை. கல்யாணமாகிப் படிப்பு நின்றுபோன பெண்களிடம் இதை அவசியம் சொல்லுங்கள்.

ஐ.டி.ஐ. முடித்த கையோடு அப்ரண்டிஸ். 1961ஆம் ஆண்டு தொழில் பழகுநர் சட்டப்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் பழகுநர்களை எடுத்தாக வேண்டும். பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை, திருச்சி பெல், நெய்வேலி என்.எல்.சி., அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் எல்லாம் எடுக்கின்றன. மாதாமாதம் உதவித்தொகை வரும்; முடிவில் தேர்வு எழுதித் தேறினால் தேசியப் பழகுநர் சான்றிதழ் கிடைக்கும். டிப்ளமோ, டிகிரி முடித்தவர்களுக்குத் தனிப் பிரிவு. அதைக் கவனிக்கும், தென் மாநிலங்களுக்கான பழகுநர் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. பழகிய நிறுவனத்திலேயே நிரந்தர வேலை கிடைத்துவிடும் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். அப்ரண்டிஸ், டிரெய்னி, கான்ட்ராக்ட் மூன்றும் வெவ்வேறு. காண்டிராக்டரிடம் தினக்கூலிக்குச் சேர்த்துவிட்டு “அப்ரண்டிஸ்தான்” என்று சொல்கிறவர்கள் உண்டு. அரசு இணையத்தளத்தில் பதிவாகி, கையெழுத்தான ஒப்பந்தம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

அரசு வேலைக்கு எத்தனை வருஷம்?

இதைச் சொல்லும்போது மனம் கனக்கிறது. 2025 ஜூலையில் நடந்த குரூப் 4 தேர்வுக்கு அறிவிக்கையில் இருந்த இடங்கள் 3,935. விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். ஒரு நாற்காலிக்கு முந்நூறு பேருக்கு மேல். அதில் நம் பிள்ளை உட்காரவே மாட்டான் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. விவசாயக் கூலி வீட்டிலிருந்து போய் உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் 22 வயதில் தொடங்கி 30 வயது வரை படித்துக்கொண்டே இருந்துவிட்டு, கையில் வேறு எந்த வேலையும் பழகாமல் நிற்கிறவர்களையும் எனக்குத் தெரியும்.

நான் சொல்வது இது. படிக்கட்டும், முழு மனசோடு படிக்கட்டும். எத்தனை தேர்வு வரை என்று தொடக்கத்திலேயே பேசி, தேதியோடு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். படிக்கிற காலத்திலும் நாளில் மூன்று மணி நேரம் ஒரு தொழிலுக்கோ சம்பாத்தியத்துக்கோ போகட்டும். படிப்பில் முதலில் தமிழைப் பலப்படுத்தச் சொல்லுங்கள். குரூப் 4ல் 200 கேள்விகளில் 100 தமிழிலிருந்து. அந்தப் பகுதியில் 150க்கு 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் மறுபாதியைத் திருத்தவே மாட்டார்கள்.

இன்டர்வியூவும் சம்பளமும்

“உங்களைப் பத்திச் சொல்லுங்க” என்ற கேள்விக்குப் பெயர், ஊர், அப்பா பெயர் சொல்லி நின்றுவிடுகிறார்கள். நோட்டின் அந்தப் பக்கத்தை எடுங்கள். அதில் இருக்கிற ஒரு வேலையை எடுத்து, எப்போது, யாரோடு, என்ன சிக்கல் வந்தது, எப்படிச் சரிசெய்தான் என்று இரண்டு நிமிஷம் தமிழில் பேசச் சொல்லிச் செல்போனில் பதிவு செய்யுங்கள். அவனே கேட்டுப் பார்க்கட்டும். நாலைந்து தடவை பேசிய பிறகு அதையே இங்கிலீஷில் எழுதிக்கொள்ளலாம். பொதுவாக இங்கிலீஷ் கற்றுக்கொள் என்றால் மலைப்பான். தன் வேலையைப் பற்றி முப்பது வாக்கியம் என்றால் ஒரு மாதத்தில் வந்துவிடும். அரியர் இருந்தால் மறைக்க வேண்டாம். பயோடேட்டா ஒரு பக்கம். கம்பெனிக்கு எந்த பஸ், எங்கே இறங்குவது என்று முதல்நாளே தெரிந்திருக்கட்டும்.

சம்பளத்தை உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டுங்கள். 16,000 ரூபாய் என்கிறார்கள். அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 12,000 என்று வைத்துக்கொண்டால் பி.எஃப். 12 சதவீதம், 1,440 பிடிப்பார்கள். இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 120. கைக்கு 14,440. கேன்டீன், ஹாஸ்டல், பஸ் தனியாக எவ்வளவு என்று கேட்க வேண்டும். இந்தக் கணக்குத் தெரியாமல் போனவன் முதல் மாதமே “ஏமாத்திட்டாங்க” என்று திரும்பிவிடுகிறான். இ.எஸ்.ஐ. என்பது வெறும் பிடித்தம் இல்லை, அவனை நம்பியிருக்கிற அப்பா அம்மாவுக்கும் அதில் வைத்தியம் உண்டு என்று வீட்டில் சொல்லுங்கள்.

வேலை தருகிறேன் என்று முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வெளிநாடு என்றால் இன்னும் உஷார். டேட்டா என்ட்ரி வேலை என்று டூரிஸ்ட் விசாவில் கூட்டிப்போய், கம்போடியா, மியான்மர், லாவோஸ் நாடுகளில் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்துவைக்கப்பட்ட தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலர். ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவானவரா என்று பாருங்கள். வெளிநாட்டு வேலைக்கென்று 1978லிருந்து தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் இருக்கிறது. முதலில் அங்கே விசாரியுங்கள்.

பெண் பிள்ளை என்றால்

அவளுக்கு வழிகாட்டுவதில் பாதி வேலை அம்மாவோடு பேசுவது. ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ வேலை கிடைத்து, ஆர்டர் கையில் இருந்தும் போகாமல் நின்ற பெண்கள் பலர். “அவ்ளோ தூரம் எப்படி அனுப்புறது சார்” என்று அம்மா கேட்பதில் நியாயம் இருக்கிறது. அவர் பார்த்திராத இடம். ஒருமுறை ஒரு அம்மாவை அழைத்துக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போனோம். பாத்ரூம் தாழ்ப்பாளைத் தானே போட்டுத் திறந்து பார்த்தார். சமையல்காரம்மாவிடம் எந்த ஊர் என்று விசாரித்தார். வார்டனின் நம்பரைத் தன் போனில் ஏற்றிக்கொண்டார். நைட் ஷிஃப்ட் முடிந்து வரும் கம்பெனி பஸ் எந்த இடத்தில் நிற்கும் என்று நடந்துபோய்ப் பார்த்தார். மகள் அடுத்த வாரமே வேலைக்குப் போனாள். கம்பெனி ஹாஸ்டல் பிடிக்காதவர்களுக்கு அரசின் ‘தோழி’ விடுதிகள் சில நகரங்களில் இருக்கின்றன.

அந்த அம்மா பார்த்தவற்றையே உங்கள் கேள்விப் பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருஷம் முடிந்தால் மொத்தமாகப் பணம் தருவோம், அதுவரை வெளியே விடமாட்டோம் என்கிற மில் எதற்கும் எந்தப் பெண்ணையும் அனுப்பாதீர்கள்.

சேர்ந்த பிறகு

முதல் சம்பளம் வரட்டும் என்று காத்திருக்காமல் நான்காவது நாளே போன் செய்யுங்கள். முதல் இரண்டு வாரத்தில்தான் பிள்ளைகள் விட்டுவிட்டு வருகிறார்கள். எட்டு மணி நேரம் நின்று கால் வீங்கும், சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, அறையில் பேச்சுத்துணை இருக்காது. “வேலை எப்படி இருக்கு?” என்றால் “பரவால்லண்ணே” என்பான். “கால் வலிக்குதா? ரூம்ல யாரு யாரு? ராத்திரி என்ன சாப்பிட்டே?” என்று கேளுங்கள். பல நேரம் நல்ல ஷூவும் அறை மாற்றமும் போதுமானதாக இருக்கும். சூப்பர்வைசரிடம் எப்படிக் கேட்பது என்று போனிலேயே பேசிப் பழக்குங்கள். வசவோ அடியோ, சொன்ன வேலை ஒன்று கொடுத்த வேலை ஒன்று என்றோ இருந்தால், புறப்பட்டு வரச் சொல்லுங்கள்.

பதினோரு நாளிலேயே சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்துவிட்டானா? ஊர் சிரிக்கும் முன்னால் அவன் வீட்டுக்குப் போய் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுங்கள். வந்ததும் நோட்டில் அவன் பக்கத்தைத் திறந்து அன்றைய தேதியைப் போடுங்கள். அந்தப் பதினோரு நாளில் எந்த மெஷினில் நின்றான், என்ன பாகத்தைப் பொருத்தினான், ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை முடித்தான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, இடது பாதியில் எழுதிக்கொள்ளுங்கள்.